ஆற்றை அறியும் தூண்டில்

திருப்பரங்குன்றத்துத் தலபுராணத்தில் நக்கீரர் கதை ஒன்று உண்டு. பொய்கைக் கரையில் சிவபூசையில் இருந்தவர் முன்னே ஒரு மரத்தின் இலை உதிர்ந்தது. பாதி நீரிலும் பாதி நிலத்திலுமாகக் கிடந்த அந்த இலையில், நீரில் கிடந்த பாதி மீனாகவும் நிலத்தில் கிடந்த பாதி பறவையாகவும் மாறி ஒன்றையொன்று இழுத்தன. நக்கீரரின் கவனம் அங்கே போனது, பூசை குலைந்தது, பூதம் அவரைக் குகையில் கொண்டுபோய் அடைத்தது. இலை மீனாவது புராணத்துக்குள் நடந்த அதிசயம். ஆனால் இலை வடிவில் வெட்டிய ஒரு உலோகத் தகடு ஓடும் நீரில் இறங்கியதும் மீனாகிவிடுவது உலகின் பல ஆறுகளில் அன்றாடம் நடக்கிறது. உயிருள்ள இரை எதுவும் இல்லாமல், தகட்டின் அசைவை மட்டும் நம்பி மீன்பிடிக்கும் இந்தக் கருவிக்கு லூர் என்று பெயர். குளிர்நாடுகளில் வழிகாட்டி ஒருவர் துடுப்புப் போட, படகில் மிதந்தபடியே ட்ரவுட் மீனுக்கு லூர் வீசுவது பெரிய பொழுதுபோக்கு. அதைப் பணக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்குவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். தகடு, படகு, வழிகாட்டி மூன்றும் சேர்ந்தால் ஆற்றை அறியும் ஒரு கருவி கிடைக்கிறது. நம் காவிரியில் அந்தக் கருவி வேறெதுவும் சொல்லாத ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறது.

முதலில் தகட்டைப் பார்ப்போம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜூலியோ பியூல் என்பவர் ஏரியில் தவறவிட்ட கரண்டியை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாகவும், அதைப் பார்த்து அவர் கைப்பிடியை அறுத்துவிட்டு முள் கோத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, 1852இல் அவர் பெற்ற காப்புரிமை உண்மை. ஸ்பூன் என்றே இன்றும் அழைக்கப்படும் அந்தத் தகட்டின் ஒரு பக்கம் குழிவு, மறுபக்கம் குவிவு. தூண்டில் நரம்பில் கட்டி இழுக்கும்போது இரு பக்கமும் நீர் ஒரே வேகத்தில் வழுக்கிப் போவதில்லை. அழுத்தம் குறைந்த பக்கத்துக்குத் தகடு சாய்கிறது, சாய்ந்ததும் நிலைமை தலைகீழாகி மறுபக்கம் சாய்கிறது. காற்றில்லாத வேளையில் உதிரும் அரச இலை நேரே விழாமல் இப்படியும் அப்படியும் சாய்ந்து இறங்குகிறதே, அதே இயக்கம்தான் இது. மெதுவாக இழுத்தால் ஸ்பூன் செத்த உலோகமாகத் தொங்கும். அளவுக்கு மீறி வேகமாக இழுத்தால் ஆட்டம் கெட்டுச் சுற்ற ஆரம்பிக்கும், நரம்பும் முறுக்கேறும். இடைப்பட்ட ஒரு வேகத்தில்தான் அது மீன் போல நெளியும். ஸ்பின்னர் என்பது இன்னொரு வகை. மெல்லிய கம்பியை அச்சாகக் கொண்டு அதைச் சுற்றித் தகடு சுழலும். தகடு அகலமாக இருந்தால் கம்பியிலிருந்து சுமார் 60 பாகை விரிந்து நின்று மெதுவாகச் சுழலும், அது மந்தமான நீருக்கு ஏற்றது. ஒடுங்கிய தகடு கம்பியை ஒட்டியே விரைந்து சுழலும், அதை வேகமான நீரில் போடுவார்கள். பின்லாந்தின் லவுரி ராபலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த பளபளக்கும் தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி ஒரு மரமீன் செய்தார். ஏரியில் மீன்பிடித்துப் பிழைத்த அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். வேட்டை மீன் ஒரு கூட்டத்தைத் துரத்தும்போது ஒழுங்காக நீந்தும் மீன்களை விட்டுவிட்டு, சற்றே தடுமாறும் ஒன்றைத்தான் குறிவைக்கிறது. அந்தத் தடுமாற்றத்தைத்தான் அவர் தக்கைக்குள் செதுக்கினார்.

அசைவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கு மீனின் உடலே சான்று. ஒரு கெண்டையைக் கையில் எடுத்து, செவுள் மூடியிலிருந்து வால் வரை விலாவில் ஓடும் மெல்லிய புள்ளிக் கோட்டைப் பாருங்கள். அழகுக்காக அமைந்ததல்ல அது. பக்கக்கோடு எனப்படும் அந்த வரிசையில் ஒவ்வொரு செதிலிலும் ஒரு நுண்துளை, உள்ளே நீர் நிறைந்த குழாய், குழாயில் மயிரிழை போன்ற உணர்செல்கள். அருகில் ஏதேனும் அசைந்தால் நீர் தள்ளப்படுகிறது, அந்தத் தள்ளலில் மயிரிழைகள் வளைகின்றன, நரம்பு வழியே செய்தி மூளைக்குப் போகிறது. நம் காதுக்குள் இருக்கும் உணர்செல்களும் இதே குடும்பத்தவைதான். கண் தெரியாத மீன்களும் இந்த உணர்வை வைத்துப் பிழைக்கின்றன. வெள்ளம் கலங்கி ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத ஆற்றிலும் சுழலும் தகட்டைத் தேடி மீன் வந்து கவ்வுவதன் காரணம் இதுதான். தெளிந்த நீரில் பளபளப்பும் நிறமும் கண்ணை இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அச்சு அசலாக மீன் போலவே வண்ணம் தீட்டிய பொம்மை அசையாமல் கிடந்தால் அதைச் சீந்துவாரில்லை. எந்த மீனைப் போலவும் இல்லாத வெறும் பித்தளைத் தகடு சரியாக ஆடினால் கவ்வப்படுகிறது. தூண்டில் கடையில் வாங்குகிறவரின் கண்ணுக்காகத்தான் பாதி வண்ணங்கள் பூசப்படுகின்றன என்பது என் எண்ணம்.

தகடு சரியாக ஆடினால் மட்டும் போதாது, மீன் இருக்கும் இடத்தில் ஆட வேண்டும். இங்கேதான் ட்ரவுட் நமக்குப் பாடம் எடுக்கிறது. அது குளிர்ந்த நீரின் பிறவி. ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம், 20ஐத் தாண்டினால் திணறத் தொடங்கும். காரணம் பிராணவாயு. 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைந்திருக்கும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மதுரைச் சமவெளியின் கண்மாயில் வெயில்காலத்து நீர் எந்த நிலையில் இருக்கும் என்று நமக்குத் தெரியும். அங்கே விரால் வாழும், ட்ரவுட் வாழாது. குளிர்ந்த நீரோடையிலும் ட்ரவுட்டுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. வேகமான நீரில் இரை நிறைய மிதந்து வரும், ஆனால் அங்கே நிற்கச் சக்தி செலவாகும். மந்தமான நீரில் நிற்பது எளிது, இரை குறைவு. ஆகவே இரண்டும் உரசும் எல்லையில், பாறைக்குப் பின்னாலோ கரையின் குடைவிலோ நின்றுகொண்டு, பக்கத்தில் ஓடும் நீரிலிருந்து இரையைப் பறித்துக்கொண்டு திரும்புகிறது. பாறையைத் தாண்டும் நீர் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிகளை உதிர்த்துக்கொண்டே போகும். வைகையில் தண்ணீர் வரும்போது பாலத் தூண்களுக்குக் கீழே பார்த்தால் இது தெரியும். அந்தச் சுழிகளுக்கு இடையே ட்ரவுட் தன் உடலை வளைத்து நெளித்து, மிகக் குறைந்த தசை உழைப்பில் நிற்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2003இல் சோதனைத் தொட்டியில் அளந்து காட்டினார்கள். 2006இல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. உயிரற்ற ட்ரவுட்டைக்கூட அந்தச் சுழிகள் வளைத்து, நீரோட்டத்துக்கு எதிராக முன்னே நகர்த்தின! மீன் நிற்கும் இடத்தை நீரின் வடிவமே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி படகு. கரையில் நின்று வீசும் தூண்டிலுக்கு ஒரு குறை உண்டு. ஆள் ஓரிடத்தில் நிற்க, நீர் ஓட, நரம்பை ஆறு வளைத்து இழுக்கிறது. தகடு குறுக்கே அரைவட்டமடித்து ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். அடிபட்ட குஞ்சுமீன் எதுவும் அப்படி நிற்பதில்லை, அது ஓட்டத்தோடு போகும். வீசுகிறவரும் நீரோடு சேர்ந்து மிதந்தால் இந்தக் குறை பெருமளவு நீங்குகிறது. ஆளும் படகும் தகடும் ஒரே ஓட்டத்தில் போகும்போது தகட்டின் வேகத்தை ரீல் சுற்றும் கையே முடிவு செய்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மெக்கன்சி ஆற்றின் பெயரில் உருவான படகு இதற்கென்றே பிறந்தது. அடி தட்டை, முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருக்கும். வழிகாட்டி கீழ்த்திசையைப் பார்த்து உட்கார்ந்து துடுப்புப் போடுவார், ஆனால் முன்னே போவதற்காக அல்ல. ஆறு இழுப்பதை எதிர்த்துப் பின்னோக்கி வலித்து, படகை நீரைவிடச் சற்று மெதுவாக இறங்கச் செய்கிறார். அப்போதுதான் பாறைகளுக்கு நடுவே வழி தேர்ந்தெடுக்கும் அவகாசமும், கரையிலிருந்து ஒரே தூரத்தில் படகை வைத்திருக்கும் பிடியும் கிடைக்கும். எந்தச் சுழியின் ஓரத்தில் தகடு விழ வேண்டும், அந்த இடம் எந்த நொடியில் வீச்சுக்கு எட்டும் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்து சொல்ல வேண்டும். வீசுகிறவர் பார்ப்பது ஒரு வீச்சின் தூரம். வழிகாட்டியோ அடுத்த வளைவில் நீர் எப்படி உடைகிறது என்பதை இப்போதே கணித்துக்கொண்டிருப்பார். திறமையில் பெரும்பங்கு அவருடையது.

நம் ஊரில் இது எங்கே? ட்ரவுட் இருக்கிறது, ஆனால் மிதக்கும் ஆறு இல்லை. நீலகிரியில் 1863இல் பிரான்சிஸ் டே தொடங்கிய முயற்சி தோற்று, பலரும் பல தடவை முயன்ற பின், 1907இல் அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் அமைந்தது. அவலாஞ்சி, முக்குருத்தி பக்கத்து ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வானவில் ட்ரவுட் நிலைத்தது. காஷ்மீரிலும் இலங்கையின் நுவரெலியாப் பகுதியிலும் இதே காலனிய ஆசையின் கதைகள் உண்டு. ஆனால் நீலகிரி ஓடைகள் முழங்காலளவு ஆழமும் பாறைகளும் கொண்டவை, படகு விட இடமில்லை. படகில் மிதந்து, வழிகாட்டியின் சொல்கேட்டு வீசும் மீன்பிடிப்பு தென்னிந்தியாவில் வளர்ந்தது காவிரியில், ஒகேனக்கலுக்கு மேலே கர்நாடகத்துக்குள் இருக்கும் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்கலி முகாம்களில். அங்கே படகு நம் பரிசல்தான். மூங்கில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் படுதாவும் போர்த்திய வட்ட ஓடம். அதற்கு முன் பின் கிடையாது, நீருக்குள் இறங்கும் அடிக்கட்டையும் கிடையாது, ஒரு சாண் நீரிலும் போகும். ஒற்றைத் துடுப்பை எட்டு வடிவில் அளைந்து பரிசல்காரர் அதை நிறுத்துவார், திருப்புவார். மெக்கன்சிக்காரர்கள் தச்சுவேலையில் சாதித்ததை நம்மவர்கள் மூங்கிலில் எப்போதோ சாதித்திருந்தார்கள். மீன் இங்கே மஹசீர். தாடையில் பல் இல்லாத கெண்டைக் குடும்பத்து மீன், ஆனால் தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நத்தை ஓட்டையும் நொறுக்கும். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் எழுதிய இந்தியத் தூண்டில் நூல் இதைப் புகழ்ந்து உலகறியச் செய்தது. 1946இல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹசீர் 120 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 54 கிலோ. கேழ்வரகு மாவுருண்டையோடு ஸ்பூனும் இங்கே வீசப்பட்டது. பிடித்ததை எடை போட்டு ஆற்றிலேயே விட்டுவிடுவது முகாம்களின் விதியாக இருந்தது. முன்பு வெடிவைத்து மீன் கொன்றவர்கள் சிலரே இங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள்.

இப்போது வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை குறிப்பேடு எழுதினார்கள். எத்தனை மணி நேரம் தூண்டில் நீரில் இருந்தது, என்ன மீன், எவ்வளவு எடை. 6 ஆயிரத்துக்கு மேற்பட்ட மஹசீர்களின் கணக்கு அதில் சேர்ந்தது. ஆய்வாளர் ஏட்ரியன் பிண்டரும் அவர் குழுவினரும் அந்த ஏடுகளைப் புரட்டி 2015இல் வெளியிட்ட முடிவு கலக்கம் தருவது. மணிக்கு இத்தனை மீன் என்று பார்த்தால் பிடிபாடு ஏறிக்கொண்டே போயிருந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவர் ஆறு செழிக்கிறது என்று மகிழ்ந்திருப்பார். வகை பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பெருகியது நீலச்செட்டை மஹசீர், அது கிருஷ்ணா படுகையிலிருந்து வந்தது. காவிரிக்கே உரிய, முதுகு கூனிய, ஆரஞ்சுச் செட்டை மஹசீர் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிக்கொண்டு வந்தது. அதைவிட முக்கியம், கிடைத்த சில கூன்முதுகு மீன்களின் சராசரி எடை கூடிக்கொண்டே போயிற்று. கிழங்கள் மட்டும் எஞ்சியிருந்தன, இளசுகள் வரவில்லை. அதாவது இனப்பெருக்கம் நின்றுகொண்டிருந்தது. வலை போட்டு ஒரு நாள் எண்ணியிருந்தால் இது தெரிந்திருக்காது. ஒரே ஆற்றுத்துண்டில், ஒரே மாதிரியான கருவியால், பதினைந்து ஆண்டுக்காலம், மீனைக் கொல்லாமல் எடுத்த கணக்கு என்பதால்தான் தெரிந்தது. இன்னொன்றும் நினைக்க வேண்டும். உலகம் முழுவதும் புகழ்பெற்ற அந்த மீனுக்கு அதுவரை அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. அமராவதியில் கலக்கும் பாம்பாற்றில் 2007இல் விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவிதான் காவிரியின் கூன்முதுகு மீனும் என்று 2018இல்தான் நிறுவப்பட்டது. அதே ஆண்டு அது மிக மோசமாக அழிவை எதிர்நோக்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. தமிழ்நாட்டில் மோயாறு அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழுகிறது. நீலச்செட்டை மீனைக் காவிரிக்குக் கொண்டுவந்ததே தூண்டில்காரர்களை மகிழ்விக்கும் ஆசைதானே? நோயைக் கொண்டுவந்தவரே நோயைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டா? இதில் பெரும்பகுதி உண்மை. மஹசீரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு டாடா நிறுவனம் லோனாவாலாவில் பொரிப்பகம் நடத்தியது, அங்கே பிறந்த குஞ்சுகள் பல மாநில ஆறுகளுக்குப் போயின, காவிரியிலும் விடப்பட்டன. எல்லா மஹசீரும் ஒன்றுதான் என்று எண்ணியதே பிழை. நீலகிரியில் ட்ரவுட் விட்ட பிரிட்டிஷாரும், 1952இல் இந்தியாவுக்கு வந்து இன்று நம் கண்மாய்களை நிறைத்திருக்கும் ஜிலேபிக் கெண்டையை வரவேற்றவர்களும் இதே வகைப் பிழையைத்தான் செய்தார்கள். நீரில் இடம் காலியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் குஞ்சு விட்டது ஒரு கொள்கை முடிவு, தூண்டிலும் குறிப்பேடும் வேறொரு செயல். முன்னதைக் கைவிட்டு, பின்னதை வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அந்தக் கொள்கை தவறு என்பதை அந்த ஏடுகள்தானே காட்டின?

வலி பற்றிய எதிர்வாதம் இதைவிடக் கனமானது. விளையாட்டுக்காக ஒரு உயிரின் வாயில் முள்ளை மாட்டலாமா? மீனுக்கு வலிக்காது என்று தூண்டில்காரர்கள் பல காலம் சமாதானம் சொல்லிவந்தார்கள். 2003இல் லின் ஸ்னெடனும் உடன் ஆய்ந்தவர்களும் வானவில் ட்ரவுட்டின் முகத்தில் காயத்தை உணரும் நரம்பு முனைகளைக் கண்டறிந்தார்கள். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் சரளைக் கற்களில் வாயைத் தேய்த்தன, இரையெடுக்க நெடுநேரம் மறுத்தன. மனிதர் உணர்வது போன்ற வலியா அது என்ற சர்ச்சை இன்னும் தொடர்கிறது, ஆனால் ஒன்றும் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. திருப்பி விடுவதற்காகவே மீன்பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து தடை செய்திருக்கிறது. அந்த நிலைப்பாட்டில் அறம் இருக்கிறது. நான் அதோடு முழுதாக உடன்படாததற்குக் காரணம், துன்பத்தின் அளவு கருவியைப் பொறுத்து மாறுகிறது என்பது. மண்புழு கோத்த முள்ளை மீன் நிதானமாக விழுங்கிவிடுகிறது, முள் தொண்டையிலோ குடலிலோ போய் மாட்டுகிறது. அப்படிப்பட்ட மீன்களில் பல, விட்டாலும் பிழைப்பதில்லை. தகட்டையோ மீன் ஓடும்போதே தாக்குகிறது, முள் பெரும்பாலும் உதட்டில் மாட்டுகிறது. செயற்கை லூரில் சிக்கி விடுபட்ட ட்ரவுட்டுகள், இரையில் சிக்கியவற்றைவிட மிக அதிகமாகப் பிழைக்கின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சிறு பல்லைக் குறட்டால் நசுக்கிவிட்டால் முள் நொடியில் கழன்றுவிடும். மீனை நீரிலிருந்து தூக்காமலே விடலாம். நீர் சூடேறிய நாளில் வீசவே கூடாது, ஏனென்றால் போராடிக் களைத்த மீனுக்கு மூச்சு மீள ஆக்சிஜன் போதாது. இவ்வளவும் செய்த பின்னும் துன்பம் மிஞ்சும். அந்தத் துன்பத்துக்கு ஈடாக ஆற்றுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். புகைப்படம் அந்த ஈடாகாது, கணக்கு ஆகும்.

சட்டம் வேறு திசையில் போயிருக்கிறது. காவிரி முகாம்கள் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயிரைப் பிடிப்பதும் வேட்டையே என்ற விளக்கத்தில் அங்கே தூண்டில் நிறுத்தப்பட்டது, குறிப்பேடும் 2012ஓடு நின்றது. யானையையும் புலியையும் காக்க எழுதிய சட்டம் நீருக்கடியில் இருப்பதை எண்ணிப் பார்க்கவில்லை. தூண்டிலை நிறுத்தியதால் வெடியும் நஞ்சும் நின்றுவிடவில்லை, பரிசலில் தினமும் ஆற்றைச் சுற்றிவந்த கண்கள்தான் குறைந்தன. சரணாலயத்தைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வனத்துறையின் கண்காணிப்பில், உள்ளூர்ப் பரிசல்காரர்களுக்குக் கூலி கொடுத்து, ஆண்டில் குறிப்பிட்ட சில வாரங்கள், பல் நசுக்கிய ஒற்றை முள்ளோடு கணக்கெடுப்புக்கென்று மட்டும் தகடு வீசலாம். மோயாற்றுக்கும் இது பொருந்தும்.

சமவெளியில் இதற்குச் சரணாலயச் சட்டத்தின் சிக்கல் இல்லை. வைகை நீர் வாய்க்கால் வழியே வந்து நிறையும் நிலையூர், தென்கால் கண்மாய்களில் ரப்பர்த் தவளையும் ஸ்பின்னரும் வீசி விரால் பிடிக்கும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். நின்ற நீரில் படகின் வேலை குறைவு, மற்றபடி தத்துவம் ஒன்றே. அவர்கள் ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் மீன். நீர்மேல் செக்கச்செவேலென்று பார்ப்பு மொய்க்கும் இடத்துக்கு அடியிலேயே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் தவளையை வீசினால் பசியில்லாவிட்டாலும் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும், சுலபமாகப் பிடித்துவிடலாம். பிடித்தால், காவலிழந்த குஞ்சுகள் சுற்றியுள்ள மீன்களுக்கு இரையாகும். அங்கே வீசாமல் அந்த இடத்தையும் தேதியையும் குறித்துக்கொண்டால், எந்த மாதத்தில், எந்த நீர்மட்டத்தில் விரால் பெருகுகிறது என்ற கணக்கு இரண்டு மூன்று மழைக்காலங்களிலேயே கைக்கு வந்துவிடும். ஏட்டில் நான்கு கட்டங்கள் போதும்: தேதி, வீசிய மணி நேரம், மீனின் வகை, எடை. எதுவும் சிக்காத நாளையும் மணிக்கணக்கோடு எழுத வேண்டும், கலிபோரே ஏடுகளுக்கு மதிப்பு வந்தது அந்த மணிக்கணக்கால்தான்.